மங்கியது காதா, கருவியா?

“காது மிஷின் போட்டும் அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. வாங்கிய புதிதில் தொலைக்காட்சிச் செய்தி தெளிவாகக் கேட்டது. பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. சில மாதங்கள் போனபின் “என்ன சொன்னே?” என்ற பழைய கேள்வி திரும்பி வந்துவிடுகிறது. வீட்டார் வயதைக் காரணம் சொல்கிறார்கள். அவரும் அதை நம்பிக் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார். அதையே ஒரு ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோனால், அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் முதலில் தேடுவது ஒலி வெளிவரும் துளையை அடைத்திருக்கும் கடுகளவு குறும்பியைத்தான்.

காதுக் கருவியின் பழுதுகளில் பல ஒரே நாளில் வருவதில்லை. ஒலி நாளுக்கு நாள் இம்மியளவு குறைகிறது. மூளை அந்தக் குறைவுக்குப் பழகிக்கொள்கிறது. அணிந்திருப்பவருக்குத் தம் காது மேலும் மங்குவதும் கருவி மங்குவதும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டில் எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே கருவியைத் துடைப்பதும் உலர்த்துவதும் சோதிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும். அதை அன்றாடம் எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

ஒலி போகும் பாதை

எல்லாக் காதுக் கருவிகளிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். மைக் வெளியொலியை மின்குறிப்பாக மாற்றுகிறது. உள்ளேயிருக்கும் சிப், அந்தக் காதுக்கு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தேவையோ அவ்வளவு பெருக்குகிறது. ரிசீவர் எனப்படும் மிகச் சிறிய ஒலிபெருக்கி அதை மறுபடியும் ஒலியாக்கிச் செவிக்குழாய்க்குள் அனுப்புகிறது. இவை எல்லாம் இயங்க ஒரு பேட்டரி.

அந்த ரிசீவர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பராமரிப்பு மாறும். காதுக்குப் பின்னால் மாட்டும் பழைய வகையில் ரிசீவர் வெளியே, கருவியின் உடலுக்குள் இருக்கிறது. ஒலி ஒரு பிளாஸ்டிக் டியூப் வழியாக வந்து, காதின் அளவெடுத்துச் செய்த அச்சின் துளையில் வெளிவருகிறது. இதில் குறும்பி அச்சைத்தான் அடைக்கும். அதைக் கழற்றிக் கழுவிவிடலாம். மெல்லிய கம்பியுடன் வரும் புதுவகையிலும், காதுக்குள்ளேயே அடங்கும் சின்னக் கருவிகளிலும் ரிசீவரே செவிக்குழாய்க்குள் போய் உட்காருகிறது. அங்கே குறும்பிக்கும் ரிசீவருக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு வடிகட்டி மட்டும். ‘வாக்ஸ் கார்டு’ என்று கடையில் கேட்டால் கிடைக்கும். குண்டூசித் தலையை விடச் சற்றே பெரிதான இந்தப் பொருள்தான் ஆயிரக்கணக்கான ரூபாய் கருவியைக் காக்கிறது.

துளை பாதி அடைபட்டால் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. உயர்ந்த அதிர்வெண் ஒலிகளே முதலில் அடிபடும். பேச்சின் உரத்த பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. அவற்றின் ஆற்றல் பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவை மெய்யொலிகள். அவற்றில் பலவற்றின் அடையாளம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. காசு, காது, காடு என்ற மூன்று சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. நடுவிலுள்ள மெய் தெளிவாகக் கேட்காவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். “சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை” என்று கருவி அணிந்தவர் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. காதின் நரம்பு தளர்ந்தாலும் இதே குறைதான் வரும். ஆனால் நரம்பைச் சந்தேகிக்கும் முன் துளையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

குறும்பி எதற்காக?

குறும்பி அழுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது காதின் காவல். பெரியவர்களின் செவிக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே குறும்பிச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் சுரப்பும் எண்ணெய்ச் சுரப்பிகளின் கசிவும் உதிர்ந்த தோல் செதில்களும் சேர்ந்ததுதான் குறும்பி. அது நீரை ஒட்டவிடாது. தூசியைப் பிடித்து நிறுத்தும். அதன் லேசான அமிலத்தன்மை கிருமிகளையும் காளானையும் தடுக்கும்.

காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளவும் தெரிந்த உறுப்பு. செவிப்பறையின் நடுவிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்கிறது. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வேகம். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது இதற்கு உதவுகிறது. குறும்பியும் அந்த நகர்வோடு வெளியேறிவிடும். காதுக் கருவி இந்த வழியில்தான் குறுக்கே நிற்கிறது. வெளியே வர வேண்டியது கருவியின் வாயில் சேர்கிறது. ஒவ்வொரு முறை அணியும்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படுகிறது. கருவி அணிபவரின் காதில் குறும்பி சேர்ந்தால் அது அவருடைய சுத்தக் குறைவு அல்ல. கருவி அணிவதன் இயல்பான விளைவு.

குறும்பியிலும் இரண்டு வகை உண்டு. சிலருக்கு அது ஈரமாக, தேன் நிறத்தில் பிசுபிசுக்கும். சிலருக்கு உலர்ந்து சாம்பல் நிறச் செதிலாக உதிரும். இதைத் தீர்மானிப்பது ஏபிசிசி11 என்ற ஒரே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் என்று 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிழக்காசியாவில் உலர் வகை மிகுதி. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஈர வகை மிகுதி. நம் பகுதியில் இரண்டும் கலந்திருக்கின்றன. எனவே வாக்ஸ் கார்டு எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கு கிடையாது. ஒருவருக்கு இரண்டு மாதம் தாங்குவது இன்னொருவருக்கு இரண்டு வாரத்தில் அடைபடலாம். தேதி பார்த்து மாற்றுவதைவிட வடிகட்டியைக் கண்ணால் பார்த்து மாற்றுவதே சரி.

காதுக்குள் சேர்ந்த குறும்பியைப் பஞ்சுக்குச்சியாலோ கொண்டை ஊசியாலோ நோண்டக் கூடாது. அது குறும்பியைச் செவிப்பறை வரை கொண்டுபோய் அழுத்திவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்வது கருவி அணிபவர்களுக்கு அவசியம். காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். செவிப்பறையில் துளை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர்களில் காதில் காளான் வளர்வதும் சாதாரணம். அரிப்பு, நாற்றம், நீர்வடிதல் தெரிந்தால் கருவியைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வியர்வையும் நீராவியும்

குறும்பிக்கு அடுத்த எதிரி ஈரம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாடம். இதோடு வியர்வையும் சேர்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி, தலைமுடியின் ஓரத்தில் வியர்வை வழிந்தோடும் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வியர்வையில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியின் உலோகத் தொடுமுனைகளில் அது படும்போது அரிப்பு தொடங்குகிறது. பேட்டரிக் கதவைத் திறந்தால் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது அதுதான். கருவி விட்டுவிட்டு வேலை செய்வதற்கும் கரகரப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

டியூப் உள்ள கருவிகளில் ஈரம் வேறு வழியிலும் வரும். செவிக்குழாய்க்குள் இருக்கும் காற்று உடல் வெப்பத்தில், ஈரம் நிரம்பி இருக்கிறது. அது டியூப் வழியே மேலேறுகிறது. வெளியே குளிர்ந்த காற்றோ ஏசி அறையோ இருந்தால் டியூபின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. டியூபின் உள்விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு துளி குறுக்கே நின்றால் ஒலி அங்கேயே நின்றுவிடும். கருவி செத்துவிட்டது என்று பதறுபவர்களில் பலருக்கு வேண்டியது, டியூபைக் கழற்றி ஒரு சிறு ரப்பர் ஊதியால் அந்தத் துளியை வெளியேற்றுவது மட்டும்தான்.

இன்றைய கருவிகள் பலவற்றின் அட்டையில் ஐபி68 என்று அச்சிட்டிருக்கிறது. 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதற்கான மதிப்பீடு. 8 என்பது தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆழத்திலும் நேரத்திலும் நீருக்குள் தாங்கும் என்பதற்கானது. அந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில் நடப்பது. சோப்பு, ஷாம்பு, கடல்நீர், வியர்வை ஆகியவை அதில் அடங்கா. எந்த எண் இருந்தாலும் குளிக்கும் முன் கருவியைக் கழற்றுவதே முறை.

ஈரத்தை வெளியேற்றும் எளிய சாதனம், இறுக மூடும் ஒரு டப்பாவும் அதற்குள் சிலிக்கா ஜெல்லும். ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லின் நுண்துளைகளை எல்லாம் விரித்தால் பல நூறு சதுர மீட்டர் பரப்பு வரும். நீர் மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நிறம் மாறும் வகையை வாங்குவது நல்லது. ஆரஞ்சு பச்சையானாலோ நீலம் இளஞ்சிவப்பானாலோ ஜெல் நிறைந்துவிட்டது என்று பொருள். தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நனைந்த கருவியை அரிசிக்குள் புதைப்பது வீண். அரிசி உறிஞ்சும் ஈரம் சொற்பம். அதன் மாவுத்தூசி மைக் துளையை அடைக்கும். வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் அதைவிட ஆபத்து. வெப்பத்தில் பிளாஸ்டிக் வளையும், ஒட்டுப்பசை விடும், ரிசீவர் கெடும்.

காற்றைக் கொண்டு இயங்கும் பேட்டரி

பல காதுக் கருவிகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி துத்தநாகம்-காற்று வகையைச் சேர்ந்தது. அடுப்பு எரியக் காற்று வேண்டியிருப்பதைப் போல இந்தப் பேட்டரி மின்சாரம் தரவும் காற்று வேண்டும். உள்ளே துத்தநாகத் தூளும் காரக் கரைசலும் இருக்கின்றன. வினைபுரிய வேண்டிய ஆக்சிஜனை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய உருவில் இவ்வளவு ஆற்றல் அடங்குகிறது. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்தால் நுண்ணிய துளைகள் தெரியும். காற்று நுழையும் வாசல் அவைதான். தாளின் நிறம் அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675.

இதிலிருந்தே கவனிக்க வேண்டியவை எல்லாம் புரியும். தாளை உரித்த உடனே கருவிக்குள் போட்டு மூடக் கூடாது. காற்று உள்ளே பரவி மின்னழுத்தம் ஏற இரண்டு மூன்று நிமிடமாவது வெளியே வைக்க வேண்டும். உரித்த தாளை மீண்டும் ஒட்டினால் பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது, வினை தொடங்கிவிட்டது. கருவியை அணைத்து வைத்தாலும் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே பல பேட்டரிகளின் தாளை ஒரே நேரத்தில் உரிப்பது பணத்தை வீணாக்குவது. ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். வெளியே எடுக்கும்போது அதன் மேல் நீர் படியும். கருவியை உலர்த்தும் டப்பாவில் வைக்கும்போது இந்த வகைப் பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியின் உள்ளீரத்தையும் ஜெல் உறிஞ்சிவிடும்.

துத்தநாகம்-காற்று பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டுத் திடீரென்று ஓய்ந்துவிடும். கல்யாண வீட்டிலோ மருத்துவர் முன்னாலோ கருவி அணைந்துபோகாமல் இருக்க, ஒரு மாற்றுப் பேட்டரி எப்போதும் பையில் இருக்க வேண்டும். தீர்ந்த பேட்டரியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் சேர்த்துவைத்து அப்புறப்படுத்த வேண்டும். ஒரு குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உணவுக்குழாயை அது அரித்துவிடும்.

சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரிக் கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது இரண்டு: சார்ஜரின் தொடுமுனைகளில் அழுக்கு சேரக் கூடாது, ஈரமான கருவியைத் துடைக்காமல் சார்ஜரில் வைக்கக் கூடாது.

இரண்டு துளைகளின் கணக்கு

கருவியின் முதுகை உற்றுப் பார்த்தால் பலவற்றில் மைக்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு துளைகள் தெரியும். இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவு. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 30 பங்குதான் ஆகும். முன்னாலிருந்து வரும் பேச்சு முதல் துளையை முதலில் தொடும். பின்னாலிருந்து வரும் இரைச்சல் இரண்டாம் துளையை முதலில் தொடும். இந்தச் சிறு நேர வேறுபாட்டை வைத்து, பின்னால் வரும் ஒலியைக் கழித்து, எதிரே இருப்பவர் பேச்சைச் சிப் முன்னுக்குக் கொண்டுவருகிறது. கடைவீதியிலும் விருந்துப் பந்தியிலும் பேச்சு புரிவது இந்தக் கணக்கால்தான்.

இரண்டு மைக்கும் சமமாகக் கேட்டால் மட்டுமே கழித்தல் சரியாக வரும். முகப்பவுடர், தலை எண்ணெய், ஹேர் டை, விபூதித் தூள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஒரு துளையை மட்டும் பாதி அடைத்தால் போதும். கருவி அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும், கூட்டத்தில் கைவிட்டுவிடும். வெளிப்பார்வைக்குப் பழுதே தெரியாது. எண்ணெய், பவுடர், ஸ்ப்ரே எல்லாம் முடித்து, கையைத் துடைத்தபின் கடைசியாகக் கருவியை அணிவது இதைத் தடுக்கும் எளிய வழி.

இரவும் காலையும்

இத்தனை அறிவியலும் கடைசியில் சில நிமிட வேலையாகச் சுருங்குகிறது. இரவில் கழற்றியதும் உலர்ந்த, மென்மையான பருத்தித் துணியால் கருவி முழுவதையும் துடைக்க வேண்டும். துணி வேறு எதற்கும் பயன்படாததாக இருக்கட்டும். பேட்டரிக் கதவைத் திறந்து, பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியை உலர்த்தும் டப்பாவில் வைக்க வேண்டும்.

துலக்குவதற்குக் காலைதான் ஏற்ற நேரம். இரவு முழுவதும் உலர்ந்த குறும்பி உதிரியாக வந்துவிடும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் துளைக்குள் அப்பிக்கொள்ளும். ஒலி வெளிவரும் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் அழுக்கு கீழே விழும். மைக் துளைகளை முதலில், காதுக்குள் போகும் முனையைப் பிறகு துலக்க வேண்டும். வரிசை மாறினால் குறும்பி மைக்குக்குப் போய்ச் சேரும். துளைக்குள் ஊக்கோ தீக்குச்சியோ விடவே கூடாது. தண்ணீர், ஸ்பிரிட், சானிட்டைசர், டெட்டால் எதுவும் கருவியின் மேல் படக் கூடாது.

டியூபோடு வரும் அச்சை மட்டும் கருவியிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம். ஊதியால் நீரை வெளியேற்றி, இரவு முழுவதும் உலரவிட்டு, வலது இடது மாறாமல் மாட்ட வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல டியூப் மஞ்சளாகி விறைக்கும். விறைத்த டியூப் அச்சை இழுக்கும். இடுக்கில் ஒலி கசிந்து மைக்குக்குத் திரும்பி, மறுபடி மறுபடி பெருகி ‘கீ’ என்று விசிலடிக்கும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் டியூபை மாற்றிக்கொள்வது நல்லது. விசில் வந்தால் வால்யூமைக் குறைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கேட்க வேண்டியதும் சேர்ந்து குறைந்துவிடும். அச்சு தளர்ந்திருக்கிறதா, காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே தீர்வு.

ஆறு ஒலிகள்

கருவி சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. காது கேளாத குழந்தைகளின் கல்விக்கு வாழ்நாளைக் கொடுத்த டேனியல் லிங் வகுத்தது அது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகள் மட்டும். ‘ம்’ ஒலியின் ஆற்றல் 250 ஹெர்ட்ஸை ஒட்டித் தாழ்ந்திருக்கிறது. ‘ஸ்’ 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. மற்ற நான்கும் இடையில் உள்ளவை. பேச்சுக்கு வேண்டிய அதிர்வெண் பரப்பு முழுவதையும் இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன.

காலையில் கருவி அணிந்ததும், உதட்டசைவு தெரியாமல் பின்னால் நின்று, இயல்பான குரலில், வரிசை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்லட்டும்; சின்னக் குழந்தையானால் கேட்டதும் கைதட்டட்டும். ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நேற்று வரை கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் முதலில் வாக்ஸ் கார்டையும் டியூபையும் பேட்டரியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஆடியாலஜிஸ்டிடம் போக வேண்டிய நேரம் அது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சோதனையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. முதல் சில ஆண்டுகளில்தான் மூளை மொழியைப் பற்றிக்கொள்கிறது. கருவி அடைபட்டிருந்த ஒரு வாரம் அந்தக் குழந்தைக்கு மொழியே கேட்காத ஒரு வாரம். “கேட்கவில்லை” என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

முதியவர்களுக்கு வேறு தடை. கண் மங்கி, விரல் நுனி மரத்து, கை நடுங்கும் வயதில் இவ்வளவு சிறிய வடிகட்டியை மாற்றுவது எளிதல்ல. உலகில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள் 43 கோடிப் பேர் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் கணக்கிட்டது. கருவி தேவைப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்த கருவியும் அழுக்கடைந்து அலமாரியில் கிடந்தால் அந்த இழப்பு நம் கவனக்குறைவால் மட்டுமே நேர்வது. உங்கள் வீட்டில் காதுக் கருவி அணிபவர் இருந்தால், வயதாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் அவரிடம் கேட்டு அதைக் கையில் வாங்குங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துடைத்துக் கொடுங்கள், ஆறு ஒலிகளையும் சொல்லிப் பாருங்கள். இன்று இரவே தொடங்குங்கள்.